ஓட்டுநர் இல்லாத ரயிலும் ஓடாமல் நின்ற ரயிலும்

சிட்னியின் கெல்லிவில் ரயில் நிலையம் சாலைக்கு மேலே, தூண்களின் மீது நிற்கிறது. பெல்லா விஸ்டாவிலிருந்து ரௌஸ் ஹில் வரை சுமார் 4 கிலோமீட்டர் நீளும் உயர்பாலத்தில் அது ஒரு நிறுத்தம். காலை நெரிசல் நேரத்தில் 4 நிமிடங்களுக்கு ஒரு ரயில் வருகிறது. நடைமேடையின் கண்ணாடிக் கதவும் ரயிலின் கதவும் சேர்ந்தே திறந்து, சேர்ந்தே மூடுகின்றன. முதல் பெட்டியில் ஓட்டுநர் அறை இருக்க வேண்டிய இடத்தில் அகலமான கண்ணாடி மட்டும்தான். அங்கே நின்று தண்டவாளத்தைப் பார்த்தபடி போவதற்குக் குழந்தைகள் முந்திக்கொண்டு ஓடுகிறார்கள். 2019 மே 26 அன்று டல்லவாங்குக்கும் சாட்ஸ்வுட்டுக்கும் இடையே 13 நிலையங்களோடு தொடங்கிய இந்தப் பாதைதான் ஆஸ்திரேலியாவின் முதல் முழுத் தானியங்கி மெட்ரோ. 2024 ஆகஸ்ட் 19 முதல் அது துறைமுகத்துக்கு அடியில் புகுந்து நகரத்தைக் கடந்து சிடன்ஹாம் வரை போகிறது.

அந்தப் பெட்டிகள் செய்யப்பட்டது சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில், அல்ஸ்டாம் நிறுவனத்தின் தொழிற்சாலையில். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக 2024 அக்டோபரில் வெளிவந்த ஓட்டுநர் இல்லா ரயிலும் அங்கே உருவானதுதான். சென்னையை விட்டு வந்து கெல்லிவில்லிலோ தி பாண்ட்ஸிலோ வீடு கட்டிக்கொண்ட ஒருவர் தினமும் ஏறி இறங்கும் ரயில், அவருடைய சொந்த ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் பூட்டி முடிக்கப்பட்டது. ஓட்டுநர் தேவைப்படாத வண்டியைக் கட்டியெழுப்பவும் ஒரு தொழிற்சாலை நிறைய மனிதக் கைகள் தேவைப்பட்டன.

இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி, இந்த வேலை இன்னும் எத்தனை காலத்துக்கு என்பதுதான். மெட்ரோவில் ஏறிப் போகிறவர்களில் பலர் வங்கியின் பின்னணி அலுவலகத்திலோ மென்பொருள் நிறுவனத்திலோ கணக்குப் பிரிவிலோ இருப்பவர்கள். வீட்டிலேயே இன்னொருவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருப்பார். மச்சானோ தம்பியோ மின்ச்சின்பரிப் பக்கம் கிடங்கு வேலைக்குப் போவார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது: புதிதாக எதையாவது படியுங்கள், சான்றிதழ் வாங்குங்கள், எந்திரத்தை விட ஓரடி முன்னால் ஓடுங்கள். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் நடந்தவற்றைக் கூர்ந்து பார்த்தால், எந்திரம் வந்த பிறகும் தன் வேலையின் மதிப்பைக் காத்துக்கொண்டவர்களிடம் படிப்போடு இன்னொன்றும் இருந்தது தெரிகிறது: எந்திரத்தின் வடிவம் தீர்மானமாகும்போது வாய் திறந்து பேசும் உரிமை. அந்த உரிமை தாமதமாகக் கிடைத்த இடங்களில் தொழிலாளியும் இழந்தார், முதலாளியும் இழந்தார், பொதுமக்களும் இழந்தார்கள்.

முதலில் மெட்ரோவையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் போய்விட்டார், மனிதர்கள் போகவில்லை. டல்லவாங் பணிமனையை ஒட்டிய கட்டுப்பாட்டு மையத்தில் இரவு பகலாக ஆட்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிலையங்களிலும் ரயிலுக்குள்ளும் பயணிகளுக்கு உதவும் ஊழியர்கள் நடமாடுகிறார்கள். வழி சொல்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். தானியங்கி அமைப்பு முரண்டு பிடித்தால் ரயிலைக் கையால் இயக்கவும் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். 2019-இல் பாதை தொடங்கிய நாட்களில் ரயில் நடைமேடையில் சரியான இடத்தைத் தாண்டி நின்றது, கதவு பொருந்தாமல் போனது போன்ற கோளாறுகள் வந்தபோது கூட்டத்தைச் சமாளித்தவர்களும் அவர்களே. 2025 ஜூலையில் ஒரு காலைப்பொழுதில், சாட்ஸ்வுட்டுக்கும் க்ரோஸ் நெஸ்டுக்கும் இடையே ஒரு ரயில் கதவு மூடாமலே சுரங்கத்துக்குள் ஓடியது. அப்போது திறந்த வாசலை மறித்துக்கொண்டு நின்றவர் ஓர் ஊழியர். எந்த மென்பொருள் வரைவிலும் அப்படியொரு வேலை எழுதப்பட்டிருக்காது.

தானியங்கி அமைப்பு வழக்கமான காரியத்தை மனிதரை விடச் சீராகச் செய்யும். வழக்கம் தப்பும் கணத்தில்தான் மனிதர் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் அவர் அங்கே இருக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆயிரம் வழக்கமான நாட்களிலும் அவரை அங்கே வைத்திருக்க யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆயிரம் நாட்களும் வீண்செலவாகத் தெரியும். தானியக்கத்தைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சிட்னி இருக்கும் அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அதே காலத்தில், இன்னொரு ரயிலின் கதை வேறு விதமாகப் போனது. சிட்னியிலிருந்து சென்ட்ரல் கோஸ்ட், நியூகாசில், நீல மலைகள் பக்கம் போகும் நீண்டதூரப் பாதைகளுக்காக ‘மரியுங்’ என்று பெயரிடப்பட்ட புதிய ரயில்களை அரசு 2016-இல் ஒப்பந்தம் செய்து வாங்கியது. தென்கொரியாவில் செய்யப்பட்ட முதல் ரயில் 2019 இறுதியில் வந்து இறங்கியது. பயணிகளை ஏற்றிக்கொண்டு முதன்முதலாக அது கிளம்பிய நாள் 2024 டிசம்பர் 3. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், வாங்கிய ரயில்கள் கொட்டகையில் கிடந்தன.

காரணம், ரயிலின் பின்பகுதியில் இருக்கும் கார்டு. ரயில் கிளம்பும் கணத்தில் தன் அறைக் கதவைத் திறந்துவைத்து நடைமேடையைக் கண்ணால் பார்ப்பது அவர் வேலை. ஓடிவந்து ஏறப் பார்க்கும் பிள்ளை, கதவிடுக்கில் மாட்டிய பை, இடைவெளியில் கால் இடறிய முதியவர் என எதுவும் அவர் கண்ணில் படும். புதிய ரயிலின் வடிவமைப்பு அந்தப் பார்வையைக் கேமராவிடமும் திரையிடமும் ஒப்படைத்தது. ரயில், டிராம், பேருந்துத் தொழிலாளர் சங்கம் இது பாதுகாப்பாக இல்லை என்றது. அரசு பாதுகாப்புதான் என்றது. பேச்சு, வழக்கு, வேலைநிறுத்தம் என்று ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் அரசு இறங்கிவந்து, கார்டு நடைமேடையைப் பார்க்கும்படி ரயிலின் அமைப்பையே மாற்றக் கோடிக்கணக்கான டாலர் செலவிட ஒப்புக்கொண்டது.

இதைச் சங்கத்தின் பிடிவாதம் என்றும், பழமையை விடாத குணம் என்றும் எழுதியவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு நியாயமற்றது. கார்டுகள் ரயிலை எதிர்க்கவில்லை. அதன் ஒரு கதவைப் பற்றித்தான் பேசினார்கள். வளைந்த நடைமேடையில் கேமரா எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பது அங்கே இருபது வருடம் நின்றவருக்குத் தெரியும். அந்த அறிவு வரைபட மேசைக்கு 2016-க்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு கதவின் வடிவம் மாறியிருக்கும்; அவ்வளவுதான் செலவு. ரயில் கட்டி, கப்பலில் ஏற்றி, கொட்டகையில் நிறுத்திய பிறகு போய்ச் சேர்ந்ததால் ஐந்து ஆண்டுகளும் மக்களின் வரிப்பணமும் கரைந்தன.

ஏன் முன்பே கேட்கவில்லை? அதற்கு விடை ஆஸ்திரேலியாவின் தொழிலாளர் சட்டத்திலேயே கிடக்கிறது. இங்கே ஒவ்வொரு தொழிலுக்குமான குறைந்தபட்ச ஊதியத்தையும் வேலை நிபந்தனைகளையும் வகுக்கும் ‘அவார்டு’ ஆவணங்களில் ஒரு பிரிவு உண்டு. உற்பத்தியிலோ அமைப்பிலோ தொழில்நுட்பத்திலோ பெரிய மாற்றம் வந்தால், பாதிக்கப்படும் ஊழியர்களிடம் நிறுவனம் கலந்து பேச வேண்டும். 1984-இல் அன்றைய சமரச, நடுவர் ஆணையம் வேலைநீக்கம், மாற்றம், ஆள்குறைப்பு குறித்து வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பிலிருந்து வந்த உரிமை அது. நல்ல உரிமைதான். ஆனால் அந்தக் கடமை எப்போது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் திட்டவட்டமான முடிவை எடுத்த பிறகே தொடங்குகிறது. எந்திரம் வேண்டுமா, எது வேண்டும், எந்த வேலையை அது செய்யட்டும் என்பதெல்லாம் முடிந்துவிடும். பிறகு, யார் வெளியேறுவது, எவ்வளவு இழப்பீடு என்ற அளவில் தொழிலாளியிடம் பேச்சு வரும். பேசும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. அது எப்போது தொடங்க வேண்டும் என்பதில் தொழிலாளியைப் பின்னால் நிறுத்திவிட்டது.

கெல்லிவில்லுக்கு அடுத்த நிறுத்தம் பெல்லா விஸ்டா. அந்த வட்டாரத்தில்தான் நாட்டின் மிகப் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனமான வூல்வொர்த்ஸின் தலைமையகம் இருக்கிறது. 2020 ஜூனில் அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சிட்னியின் மூர்பேங்கில் இரண்டு தானியங்கிக் கிடங்குகள் கட்டப்படும், சிட்னியில் மின்ச்சின்பரி, யெனோரா, மெல்போர்னில் முல்கிரேவ் ஆகிய மூன்று பழைய கிடங்குகள் 2025 வாக்கில் மூடப்படும். அந்த மூன்றிலும் இருந்தவர்கள் சுமார் 1,350 பேர். புதிய கிடங்குகளில் சுமார் 650 பேருக்கு வேலை என்று சொல்லப்பட்டது.

கணக்கு எளிதானது. பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. வூல்வொர்த்ஸ் அதை மூடி மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாண்டு முன்னறிவிப்பு என்பது தொழில் உலகில் அரிது. அதே 2020-இல் தன் ஊழியர்களுக்குப் புதிய திறன்களைக் கற்றுத்தர 5 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. பெட்டி அடுக்கிய கைகளுக்கு எந்திரத்தைப் பழுதுபார்க்கக் கற்றுத்தருவது நல்ல எண்ணம். ஆனால் ஐம்பது வயதில், ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் ஒருவர், பகல் முழுக்கக் கிடங்கில் உழைத்துவிட்டு இரவில் மின்னணுவியல் படித்து, பாதியாகச் சுருங்கிய இடங்களுக்குப் போட்டியிட வேண்டும் என்றால், அந்த நல்ல எண்ணம் அவரிடம் போய்ச் சேரும்போது தேர்வாகிவிடுகிறது. இரண்டு பேருக்கு ஓர் இடம் என்று ஆன பிறகு, எல்லோரும் நன்றாகப் படித்தாலும் ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும்.

எந்திரம் ஆளை வெளியேற்றாமல் உள்ளே வைத்துக்கொண்டே மாற்றிவிடவும் முடியும். 2024 நவம்பர் 21 அன்று வூல்வொர்த்ஸ் பொருட்களைக் கையாளும் கிடங்குகளில் ஐக்கியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 1,500 பேர் வேலையை நிறுத்தினார்கள். விக்டோரியாவில் மூன்று கிடங்குகள், சிட்னியின் எர்ஸ்கின் பார்க்கில் ஒன்று. சம்பளக் கோரிக்கையோடு அவர்கள் முன்வைத்த முக்கியமான குறை, ஒவ்வொரு பொருளையும் எடுத்து அடுக்க எத்தனை நொடி ஆக வேண்டும் என்று கணித்து, ஒவ்வொருவரின் வேகத்தையும் அளக்கும் முறை. காதில் மாட்டிய கருவி சொல்லும் கட்டளைப்படி நடந்து, அது வைத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதுகு வலிக்கோ உடைந்த பெட்டிக்கோ அந்தக் கணக்கில் இடம் இல்லை என்றார்கள். 17 நாள் நடந்தது. மெல்போர்ன் கடைகளில் அலமாரிகள் காலியாயின. விற்பனை இழப்பு 14 கோடி டாலர் என்று நிறுவனமே சொன்னது. வேகக் கணக்கை மட்டும் வைத்துத் தண்டிப்பதற்கு எதிரான உறுதியைப் பெற்றுக்கொண்டு தொழிலாளர்கள் திரும்பினார்கள். இங்கும் எதிர்க்கப்பட்டது கருவி அல்ல. அது தரும் எண்ணை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதே.

அலுவலக வேலைக்காரருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு காமன்வெல்த் வங்கி. 2025 ஜூலை இறுதியில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் 45 பேரின் வேலை இனித் தேவையில்லை என்று வங்கி அறிவித்தது. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் குரல் பதிலி வந்துவிட்டது, அதனால் வாரத்துக்கு 2,000 அழைப்புகள் குறைந்துவிட்டன என்பது அதன் வாதம். நிதித்துறை ஊழியர் சங்கம் விவகாரத்தைப் பணியிடத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் ஆணையத்துக்குக் கொண்டுபோனது. தொலைபேசியை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னது வேறு: அழைப்புகள் கூடிக்கொண்டிருக்கின்றன, மிகைநேர வேலை கேட்கிறார்கள், குழுத் தலைவர்களையே தொலைபேசி எடுக்க உட்கார வைக்கிறார்கள். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் முடிவதற்குள் வங்கி முடிவைத் திரும்பப் பெற்றது. தன் மதிப்பீடு தவறு என்று ஒப்புக்கொண்டு ஊழியர்களிடம் மன்னிப்பும் கேட்டது.

45 என்பது சிறிய எண். ஆனால் அந்த நிகழ்ச்சி காட்டுவது பெரிது. நாட்டின் மிகப் பெரிய வங்கி, தரவுகளும் நிபுணர்களும் கையில் வைத்திருந்தும், தன் அலுவலகத்தில் தொலைபேசி எத்தனை முறை அடிக்கிறது என்பதில் தவறியது. தலைக்கருவி மாட்டிய ஊழியருக்கு அது தெரிந்திருந்தது. சங்கம் இல்லாவிட்டால் அவர் தெரிந்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

மனிதரை நடுவிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியர்கள் மறக்க முடியாத ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அரசின் நலத்தொகை பெற்றவர்களின் வருமானத்தை வரித்துறைக் கணக்கோடு ஒப்பிட்டு, ஆண்டு வருமானத்தை இருவாரத் துண்டுகளாகச் சமமாகப் பங்கிட்டு, வராத கடனை வந்ததாகக் காட்டிய ‘ரோபோடெட்’ திட்டம் 2015-இல் தொடங்கி 2019 வரை ஓடியது. முன்பு ஓர் ஊழியர் கோப்பைப் பார்த்து, நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, சந்தேகம் தீர்த்துக்கொண்ட இடத்தில் கணினிக் கடிதம் வந்து விழுந்தது. 2019 நவம்பரில் அந்தக் கணக்கு முறை சட்டவிரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் உறுதியானது; 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையம் தன் கடுமையான அறிக்கையை வெளியிட்டது. துறைக்குள் இருந்த முன்வரிசை ஊழியர்கள் ஆரம்பத்திலேயே எச்சரித்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆக, எந்த வேலை தங்கும், எது போகும்? 2025 ஆகஸ்டில் ‘ஜாப்ஸ் அண்ட் ஸ்கில்ஸ் ஆஸ்திரேலியா’ என்ற அரசு அமைப்பு வெளியிட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவு பெரும்பாலான வேலைகளை ஒழிப்பதை விட மாற்றி அமைக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. எழுத்தர், வரவேற்பாளர், கணக்கு எழுதுபவர், கணினி நிரலாளர் போன்றோருக்குச் சுருக்கம். துப்புரவு, செவிலியம், கட்டுமானம், விருந்தோம்பல் துறைகளுக்கு வளர்ச்சி. கெல்லிவில் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் ஒரு தலைகீழ்ச் செய்தி. கணக்கும் கணினியும் படித்ததால்தான் விசா கிடைத்தது, வீட்டுக்கடன் கிடைத்தது. தற்காலிகமாக என்று நினைத்து அம்மாவோ மனைவியோ சேர்ந்த முதியோர் பராமரிப்பு வேலைதான் இப்போது உறுதியாக நிற்கிறது.

அந்த உறுதியும் தானாக வந்ததல்ல. முதியோர் இல்லங்களின் அவலத்தை விசாரித்த அரச ஆணையம் 2021 மார்ச்சில் அறிக்கை கொடுத்த பிறகு, இல்லவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் மனிதப் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்பதை அரசு விதியாக்கியது. 2023 அக்டோபர் முதல் 200 நிமிடம், அதில் 40 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது. 2024 அக்டோபர் முதல் 215 நிமிடம், அதில் செவிலியருக்கு 44. இதற்கிடையே 2023-இல் நேரடிப் பராமரிப்பாளர்களின் அவார்டு ஊதியம் 15 சதவீதம் உயர்ந்தது. சங்கங்கள் ஃபேர் வொர்க் ஆணையத்தில் வாதாடிப் பெற்ற உயர்வு அது. படுக்கைக்கு அடியில் உணர்கருவி வைக்கலாம், மருந்து நேரத்தைச் செயலி நினைவூட்டலாம்; 215 நிமிடத்தை அவற்றால் ஈடுகட்ட முடியாது. மனிதரின் நேரத்துக்கு ஒரு நாடு கீழ்வரம்பு கட்டியது என்பதில் எல்லாத் தொழிலுக்குமான முன்மாதிரி இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு தொனியில் பேசப்படுகிறது. 2025 ஜூலையில் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, ஏறத்தாழ 12,000 பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமில்லை, திறன் பொருத்தமின்மைதான் காரணம் என்று தலைமை நிர்வாகி கே.கிருத்திவாசன் விளக்கினார். அந்த நிறுவனத்தில் இருபது ஆண்டு உழைத்த ஒருவருக்கு அந்த விளக்கத்தின் பொருள், குற்றம் உன்னுடையது என்பதுதான். அவரை எந்தத் திட்டத்தில் போட்டது, எந்தத் தொழில்நுட்பத்தில் வைத்திருந்தது, எந்தப் பயிற்சிக்கு அனுப்பியது எல்லாம் நிறுவனத்தின் முடிவுகள். பொருந்தாமல் போனபோது மட்டும் அது ஊழியரின் தனிப்பட்ட குறையாகிவிடுகிறது. திறனைப் பற்றிய பேச்சு இப்படித்தான் பொறுப்பைக் கைமாற்றுகிறது.

அதே இந்தியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இன்றைய மென்பொருள் ஊழியர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினியை அலுவலகத்துக்குள்ளேயே விடாமல் தடுத்தார்கள். வங்கி ஊழியர் சங்கங்கள் வேறு பாதையில் போயின. 1983-இல் அவை இந்திய வங்கிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன: எந்திரங்கள் எந்த அளவில், எந்த வேலைக்கு வரலாம் என்பது எழுத்தில் வந்தது. அடுத்த ஆண்டு சி.ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிக் கணினிமயமாக்கலுக்குப் பாதை போட்டது. கணினியில் உட்கார்ந்த எழுத்தருக்குத் தனிப்படி கிடைத்தது. மெதுவாக நடந்தது, வாடிக்கையாளர் சில காலம் வரிசையில் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தது. ஆனால் பேரேட்டில் எழுதிய தலைமுறை, வேலையை இழக்காமலே விசைப்பலகைக்கு மாறியது. கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் கிளை எழுத்தராகச் சேர்ந்து கணினிக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள்தான் இன்று சிட்னியில் மென்பொருள் எழுதுகிறார்கள்.

இப்படி முன்கூட்டியே பேசி மாறுவதைப் பாரிஸ் நகரமும் செய்து காட்டியிருக்கிறது. 1900-இல் தொடங்கிய அதன் முதல் மெட்ரோ பாதை, 2011 நவம்பரிலிருந்து படிப்படியாக ஓட்டுநர் இல்லாத பாதையாக மாறி 2012 இறுதியில் முழுமையடைந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பெயர்போன ஊரில் அது பெரிய மோதல் இல்லாமல் நடந்தது. பணி தொடங்கும் முன்பே நிர்வாகம் சங்கங்களோடு உட்கார்ந்து பேசியது. ஓட்டுநர்களுக்கு வேறு பாதைகளில் இடம், கண்காணிப்பாளர் பொறுப்புக்கு உயர்வு என்று முடிவானது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில், பில்பரா சுரங்கப் பகுதியில், ரியோ டின்டோ நிறுவனம் 2018 ஜூலையில் ஓட்டுநர் இல்லாத சரக்கு ரயிலில் முதல் இரும்புத்தாதுச் சுமையை அனுப்பியது. சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த்தில் இருக்கும் மையத்திலிருந்து அந்த ரயில்கள் கண்காணிக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே அந்த நிறுவனமும் மாநில அரசும் சவுத் மெட்ரோபாலிட்டன் டேஃப் கல்லூரியும் சேர்ந்து, தானியங்கிப் பணியிடங்களுக்கான அரசு அங்கீகாரம் பெற்ற படிப்பைத் தொடங்கின. தனியொருவர் இரவில் இணையத்தில் தேடிப் படிப்பதற்கும், எந்திரம் கொண்டுவரும் நிறுவனமே பாடத்திட்டத்தில் கையெழுத்திட்டு முன்வருவதற்கும் உள்ள தூரம் பெரிது.

அப்படியானால் தனிமனிதர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா? உண்டு. தான் செய்யும் வேலையில் வழக்கம் தப்பும் இடங்கள் எவை என்பதைத் தெளிவாக அறிந்து, அதைச் சொல்லத் தெரிந்தவராக வேண்டும். கார்டுக்கு வளைந்த நடைமேடை எப்படியோ, கணக்காளருக்கு வரிவிதியின் ஓட்டையில் மாட்டிக்கொண்ட சிறுகடைக்காரர் அப்படி. நிரலாளருக்குப் பதினைந்து ஆண்டு பழைய அமைப்பு ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற வரலாறு அப்படி. புதிய கருவியை ஒதுக்காமல் கையாண்டு பார்த்தவர்தான் அது எங்கே தவறுகிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். இன்னொன்று, புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு மனத்தடை உள்ள காரியம்: சங்கத்தில் சேர்வது. விசா நிபந்தனை, மேலாளரின் மனக்கசப்பு, நமக்கெதற்கு வம்பு என்ற பழக்கம் எல்லாம் சேர்ந்து, வெள்ளைச் சட்டை வேலையில் இருப்பவர்களைச் சங்கத்திலிருந்து தள்ளியே வைத்திருக்கின்றன. ஆனால் காமன்வெல்த் வங்கியின் 45 பேரைக் காப்பாற்றியது எந்தச் சான்றிதழும் அல்ல.

அரசு செய்ய வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. கலந்து பேசும் கடமை, முடிவு எடுத்த பிறகு தொடங்குவதற்குப் பதிலாக, எந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் தொடங்க வேண்டும். மறுபயிற்சி என்றால் அது வேலை நேரத்தில், சம்பளத்தோடு, பழைய வேலை கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கப்படும் ரயிலோ கணினி அமைப்போ, அதை இயக்கப்போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துக் கருத்து எழுதாமல் ஒப்பந்தமாகக் கூடாது. இவை பெரிய புரட்சிகள் அல்ல. மரியுங் ரயிலில் மாற்றம் செய்யச் செலவான பணத்தில் ஒரு சிறு துண்டு இதற்குப் போதும்.

இதற்கான நேரமும் இதுதான். 1895-இல் தொடங்கிய பேங்க்ஸ்டவுன் பாதையின் பெரும்பகுதி மெட்ரோவாக மாற்றப்படுவதற்காக 2024 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது. செயின்ட் மேரிஸிலிருந்து புதிய விமான நிலையம் வழியாக பிராட்ஃபீல்டுக்கு ஒரு தானியங்கிப் பாதை. வெஸ்ட்மீடிலிருந்து பாரமட்டா வழியாக நகர மையத்துக்கு 2032-ஐக் குறிவைத்து இன்னொன்று. வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், மேஸ் ஹில் முருகன் கோயில் என்று தமிழர் வாழ்வு அடர்ந்த பகுதியிலிருந்துதான் அந்தப் பாதை கிளம்பப்போகிறது. சென்னையில் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஓட்டுநர் இல்லா ரயில்கள் 2025 மார்ச்சிலிருந்து பூவிருந்தவல்லிப் பாதையில் சோதனை ஓட்டம் கண்டன. இந்தப் பாதைகளில் ஒரு நிலையத்துக்கு எத்தனை பேர், ரயிலுக்குள் ஒருவர் எப்போதும் இருப்பாரா, அவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்தத் தொழிலாளியா, கோளாறு நேரத்தில் ரயிலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்ற கேள்விகளுக்கான விடைகள் ஒப்பந்தப் பக்கங்களில் எழுதப்படுகிற காலம் இது. பாரமட்டாவின் சட்டமன்ற உறுப்பினரிடமும் சென்னை மெட்ரோ நிர்வாகத்திடமும் அந்தப் பக்கங்களைக் காட்டும்படி கேட்பதற்கு, பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் உரிமை இருக்கிறது.